எட்டு பவுண்டுக்கு முன்வரிசை

ஈஸ்ட் ஹாம், லண்டன்
24 மே 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள், அம்மா, தம்பி எல்லோரும் நலமா? அம்மாவின் சர்க்கரை இப்போது எப்படி இருக்கிறது என்று தம்பியை எழுதச் சொல்லுங்கள். போனில் கேட்டால் "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று அம்மா முடித்துவிடுகிறாள்.

நேற்று நான் பேசியதில் பாதி காதில் விழவில்லை என்றீர்கள். அதனால் இன்று லீவு நாளில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே கச்சேரி சீசன் வரப்போகிறது அப்பா. ஜூலை 18 தொடங்கி செப்டம்பர் 13 வரை, எட்டு வாரம், 86 கச்சேரிகள். பிராம்ஸ் என்று பெயர். நம் மார்கழியைவிட நீளம். சபா சபாவாக அலையவும் வேண்டாம். சில கச்சேரிகள் வெளியூர்களில் நடக்கும், மற்றதெல்லாம் ராயல் ஆல்பர்ட் ஹால் என்கிற ஒரே மண்டபத்தில். ஈஸ்ட் ஹாமில் டிஸ்ட்ரிக்ட் லைன் ரயில் ஏறினால் சவுத் கென்சிங்டனில் இறங்கி நடந்துவிடலாம், நடுவில் ரயில் மாற வேண்டியதில்லை. போன சனிக்கிழமை டிக்கெட் விற்பனை திறந்தார்கள். நான் என் டியூட்டி அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்தெந்த ராத்திரி எனக்கு ஓய்வு என்று நோட்டில் கட்டம் போட்டு எழுதியிருக்கிறேன். நீங்கள் நம் திருவையாற்றுத் தியாகராஜர் ஆராதனைக்கு முன்னால் அழைப்பிதழில் சிவப்புப் பேனாவால் கோடு போடுவீர்களே, அதேபோல்.

இங்கே வந்த முதல் குளிர்காலத்தைப் பற்றி நான் உங்களுக்கு முழுதாகச் சொன்னதில்லை. 2024 தை மாதம், ஆராதனை நாளான பகுள பஞ்சமி அன்று எனக்கு நைட் டியூட்டி. அங்கே காலை ஒன்பது என்றால் இங்கே விடிகாலை மூன்றரை. இடைவேளையில் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து போனில் தியாகராஜரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் ஐந்தையும் கேட்க ஆரம்பித்தேன். முதலாவதான நாட்டை ராகக் கீர்த்தனை முடிவதற்குள் ஒரு நோயாளியின் மணி அடித்தது, ஓடினேன். கௌளையும் ஆரபியும் போயே போயிற்று. திரும்பி வந்தபோது நேரம் கடந்துவிட்டது. பிறந்ததிலிருந்து ஒரு வருடம்கூட ஆராதனைப் பந்தலுக்குப் போகாமல் நான் இருந்ததில்லை. அன்று காலை வீட்டுக்கு வந்து தூங்க முடியவில்லை. சங்கீதம் என்பது காவேரிக் கரையோடு போயிற்று, இனி அது எனக்குக் காதில் மாட்டுகிற கருவியில் மட்டும்தான் என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன்.

அந்த ஆகஸ்டில்தான் என்னோடு வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ்காரப் பெண் ஒருத்தி என்னை இந்த ஆல்பர்ட் ஹாலுக்குக் கூட்டிப்போனாள். எட்டு பவுண்டு டிக்கெட். நம் பணத்தில் தொள்ளாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். இந்த ஊரில் ஒருவர் காபியும் கேக்கும் சாப்பிட்டால் ஆகிற செலவு. எட்டு பவுண்டுக்கு எங்கேயோ மூலையில் தூணுக்குப் பின்னால் நிறுத்துவார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். உள்ளே போனால் மண்டபத்தின் நட்டநடுவில், மேடைக்கு நேர் கீழே விட்டார்கள். வட்டமான பெரிய தரை, ஒரு நாற்காலி கிடையாது. பல மடங்கு காசு கொடுத்தவர்கள் எல்லாம் நமக்குப் பின்னால், சுற்றிலும் மேலே அடுக்கடுக்காக உட்கார்ந்திருக்கிறார்கள். ஐயாயிரம் பேருக்கு மேல் கொள்ளும் மண்டபம் அது. அதில் குறைந்த டிக்கெட் வாங்கியவருக்குத்தான் வயலின் வில்லின் மயிர் தெரிகிற இடம்.

உங்களுக்கு நான் விளக்க வேண்டுமா? மணலில் உட்கார்ந்து, வித்வானின் கை எட்டுகிற தூரத்தில் கேட்டவர் நீங்கள். கலெக்டர் வந்தாலும் கடைக்காரர் வந்தாலும் ஒரே தரை.

அன்று பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனி. அரோரா என்கிற வாத்தியக் குழு, ஸ்வரம் எழுதிய தாள் இல்லாமல் மனப்பாடமாக வாசித்தார்கள். இங்கே ஒவ்வொருவர் முன்னாலும் ஸ்டாண்டில் தாள் இருப்பதுதான் வழக்கம். அதனால் இது இந்த ஊர்க்காரர்களுக்குப் பெரிய அதிசயம். நம் வித்வான்கள் தாளைப் பார்த்து வாசித்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? ஆனால் இத்தனை பேர் சேர்ந்து, ஒருவர் மற்றவர் கண்ணைப் பார்த்தபடி ஒரு மணி நேரத்துக்கு மேல் இம்மி பிசகாமல் வாசித்ததைப் பார்த்தபோது எனக்கும் மெய்சிலிர்த்தது. கடைசிப் பகுதியில் ஒரு மெட்டு வரும். முதலில் பெரிய வயலின் போன்ற செல்லோவும், ஆள் உயர டபுள் பேஸும் மட்டும், காதைத் தீட்டினால்தான் கேட்கும் அளவுக்கு மெல்ல எடுக்கின்றன. மற்ற எல்லோரும் சும்மா இருக்கிறார்கள். அப்புறம் வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலா அதே மெட்டை வாங்கிக்கொள்கிறது, கூடவே பசூன் என்கிற குழல் பக்கத்தில் வேறொரு வழியில் நடந்து வருகிறது. அப்புறம் வயலின்கள். கடைசியில் எக்காளமும் முழக்கமுமாக மண்டபமே எழுந்துகொள்கிறது. குரு ஒரு அடி பாட, சிஷ்யர்கள் ஒவ்வொருவராக வாங்கிப் பாடுவது போலத்தான் எனக்குக் கேட்டது. 1824இல் வியன்னாவில் இது முதலில் அரங்கேறியபோது அந்த மனிதருக்குக் காது கேட்காது. அதை நினைத்தபோது கண்ணில் நீர் வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பாட்டி ஒன்றும் பேசாமல் ஒரு டிஷ்யூ எடுத்து நீட்டினாள். இந்த ஊரில் முன்பின் தெரியாத ஒருவர் எனக்குச் செய்த முதல் உபசாரம் அது.

இந்தக் கச்சேரிகள் பிறந்த கதை உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். 1895இல் ராபர்ட் நியூமன் என்பவர் குயின்ஸ் ஹால் என்ற மண்டபத்தை நடத்திக்கொண்டிருந்தார். சாதாரண ஜனங்கள் குறைந்த காசில் வந்து நின்றபடி, உலாவியபடி நல்ல சங்கீதம் கேட்கவேண்டும் என்பது அவர் ஆசை. பிராமனேட் என்றால் உலாவுவது, அதன் சுருக்கம்தான் பிராம்ஸ். பணத்துக்கு என்ன செய்வது? ஜார்ஜ் கேத்கார்ட் என்ற டாக்டர் கைகொடுத்தார். காது, மூக்கு, தொண்டை வைத்தியர். அவர் போட்ட நிபந்தனைகளில் ஒன்று சுருதியைக் குறைக்க வேண்டும் என்பது! அப்போது இங்கிலாந்தில் வாத்தியங்களின் சுருதியை ஏற்றி வைத்து வாசிக்கிற வழக்கம், அதில் பாடிப் பாடிப் பாடகர்களின் தொண்டை கெடுகிறது என்பது அந்த வைத்தியரின் கட்சி. இன்னொரு நிபந்தனை, ஹென்றி உட் என்ற இளைஞரே வாத்தியக் குழுவை நடத்த வேண்டும் என்பது. உட்டுக்கு அப்போது இருபத்தாறு வயது. பாடுகிறவரின் குரல் வாகுக்குச் சுருதிக் கட்டை பார்த்துத் தம்பூரா சேர்க்கிற நமக்கு அந்த டாக்டர் சொன்னது எவ்வளவு நியாயம் என்று புரியும். லண்டனில் ஒரு சங்கீத விழாவே சுருதிப் பேச்சில்தான் தொடங்கியிருக்கிறது அப்பா. இதைப் படித்த அன்று உடனே உங்களுக்குப் போன் செய்யப் பார்த்தேன், அங்கே நடுராத்திரி.

ஹென்றி உட் 1913இல் தன் வாத்தியக் குழுவில் பெண்களைச் சேர்த்துக்கொண்டவர். 1927இல் பி.பி.சி. இந்தக் கச்சேரிகளை ஏற்று நடத்த ஆரம்பித்தது. அதே 1927இல்தான் நம் ஊரில் பாடகி நாகரத்தினம்மாள் பெண்களைத் திரட்டித் தனிக் கோஷ்டியாக ஆராதனையில் பாட வைத்தார். அதே வருடக் கடைசியில் சென்னைக் காங்கிரஸ் மாநாட்டோடு நடந்த சங்கீத மாநாட்டிலிருந்துதான் மியூசிக் அகாடமி பிறந்தது. சரித்திர வாத்தியாரான உங்களிடம் வருடக் கணக்கு சொல்ல எனக்கு இப்போதுதான் வாய்த்திருக்கிறது. 1941 மே மாதம் ஜெர்மன் குண்டு விழுந்து குயின்ஸ் ஹால் எரிந்து போயிற்று. அந்த வருடமே கச்சேரிகளை ஆல்பர்ட் ஹாலுக்கு மாற்றி நடத்தினார்கள். இடிபாட்டிலிருந்து எடுத்த ஹென்றி உட்டின் மார்பளவு வெண்கலச் சிலையை ஒவ்வொரு சீசனுக்கும் கொண்டுவந்து மேடைக்குப் பின்னால் வைக்கிறார்கள். கடைசி நாள் அதற்கு மாலை சூட்டுவார்கள். சிலைக்கு மாலை போட்டு இத்தனை பேர் கைதட்டுகிற காட்சியைப் பார்த்தபோது எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது.

சரி, இந்த வருடம் என்னென்ன என்று சொல்கிறேன். ஜாஸ் உண்டு, சோல் உண்டு, ராக் உண்டு, டி.வி. நிகழ்ச்சியை வைத்துக்கூட ஒன்று உண்டு. அதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கும் அவர்கள் அப்பா அம்மாவுக்கும் வாசலைத் திறந்து வைப்பதற்கு. நல்ல காரியம்தான், ஆனால் என் நோட்டில் இல்லை. ஆர்வோ பேர்ட் என்ற எஸ்டோனிய நாட்டு இசையமைப்பாளருக்கு இந்தச் செப்டம்பரில் 90 வயது, அவருடைய இசைக்காகப் பின்னிரவில் ஒரு கச்சேரி வைத்திருக்கிறார்கள். அதற்குப் போவேன். வியன்னாவிலிருந்தும் ஆம்ஸ்டர்டாமிலிருந்தும் பெரிய வாத்தியக் குழுக்கள் வருகின்றன. கடைசி நாளை ஹாங்காங்கில் பிறந்த எலிம் சான் என்ற பெண் நடத்துகிறார்.

நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது ஷோஸ்டகோவிச் விஷயம். ரஷ்ய இசையமைப்பாளர். செத்து இந்த ஆகஸ்டோடு ஐம்பது வருடம். 1936இல் அவருடைய ஓப்பரா, அதாவது பாட்டாகவே நடக்கும் நாடகம், ஒன்றைப் பார்க்க ஸ்டாலின் வந்தார், முடிவதற்கு முன்பே எழுந்து போய்விட்டார். இரண்டு நாளில் கட்சிப் பத்திரிகையான பிராவ்தா அதைக் கிழித்து எழுதியது. அந்தக் காலத்தில் அப்படி எழுதினால் உயிருக்கே ஆபத்து. மறுவருடம் அவர் ஐந்தாவது சிம்பொனியை எழுதி அரங்கேற்றினார். அதுதான் அவரைக் காப்பாற்றியது. இந்த சீசனில் அந்தச் சிம்பொனியை அரோரா குழு மறுபடி தாள் இல்லாமல் வாசிக்கிறது. ஸ்டாலின் எழுந்துபோன அந்த ஓப்பராவும் செப்டம்பரில் உண்டு. இரண்டையும் சில வார இடைவெளியில் ஒரே மண்டபத்தில் கேட்கலாம்.

அப்புறம், ஆகஸ்ட் 8. ராத்திரி பதினொரு மணிக்கு ஆரம்பித்து மறுநாள் காலை ஏழு மணி வரை கச்சேரி. 1983க்குப் பிறகு இப்படி விடிய விடிய நடப்பது இதுதான் முதல் தடவை என்று எல்லோரும் பேசுகிறார்கள். அன்னா லாப்வுட் என்ற ஆர்கன் கலைஞர் முன்னின்று நடத்துகிறார். அந்த மண்டபத்து ஆர்கனில் 9,999 குழாய்கள் இருக்கின்றன. அது அடித்தொண்டையில் முழங்கும்போது உள்ளங்காலில் தெரியும். திருவிழாவில் சுவாமி புறப்பாட்டுக்கு விடியும்வரை நாகசுரம் கேட்டு, அப்படியே படித்துறையில் முகம் கழுவிப் பள்ளிக்கூடம் போனவர் நீங்கள். எனக்கும் நைட் டியூட்டி பழகிய உடம்பு. அன்றைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 12 அனுஷ்கா சங்கரின் சிதார். நம் பக்கத்துச் சங்கீதமும் இந்த மேடைக்குப் புதிதில்லை. 2011இல் அருணா சாய்ராம் இங்கே பாடியிருக்கிறார்.

ஒன்றே ஒன்று எனக்கு இன்னும் பழகவில்லை. இங்கே யாரும் தாளம் போடுவதில்லை. தலைகூட அசைவதில்லை. நான் தொடையில் விரலை வைத்தபடி அடக்கிக்கொண்டு நிற்கிறேன். "பலே" என்று வாய்வரை வந்ததை விழுங்குகிறேன். ஆனால் ஐயாயிரம் பேர் சேர்ந்து காக்கிற அந்த மௌனமும் ஒரு மரியாதைதான் என்று இப்போது தோன்றுகிறது. கடைசி ஸ்வரம் அடங்கி, நடத்துகிறவர் கையை இறக்கும்வரை மூச்சு விடுகிற சத்தம்கூட வராது.

அப்பா, நீங்கள் ஆகஸ்டில் வரவேண்டும். பாஸ்போர்ட் எடுத்து மூன்று வருடம் ஆகிறது, அதில் ஒரு முத்திரைகூட விழவில்லை. விசாவுக்கு என் சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கும் அழைப்புக் கடிதமும் தம்பியின் மெயிலுக்கு அனுப்பிவிட்டேன். இந்த வாரமே விண்ணப்பம் போட்டால் நேரம் சரியாக இருக்கும். அம்மாவும் சேர்ந்து வந்தால் இன்னும் சந்தோஷம். பெரியம்மாவை ஒரு மாதம் வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம்.

முட்டி வலியோடு இரண்டு மணி நேரம் எப்படி நிற்பது என்றுதானே யோசிக்கிறீர்கள்? நானும் அதைத்தான் யோசித்தேன். மண்டபத்தின் உச்சியில், கூரைக்குக் கீழே, சுற்றிலும் ஒரு மாடம் இருக்கிறது. அங்கேயும் அதே எட்டு பவுண்டுதான், அங்கேயும் நாற்காலி கிடையாது. ஆனால் இடம் தாராளம். போன வருடம் ஒரு நாள் மேலே போய்ப் பார்த்தேன். ஜனங்கள் தரையில் துண்டை விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சிலர் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டே கேட்கிறார்கள். யாரும் ஒன்றும் சொல்வதில்லை. நேரத்தோடு போனால் மெதுவாக ஏறிவிடலாம்.

டிக்கெட் அன்றன்றைக்குக் காலையில்தான் விற்பார்கள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் வரும்போது, பந்தலுக்கு எடுத்துப்போவோமே, அந்தச் சின்னக் கோரைப்பாயைச் சுருட்டிப் பெட்டியில் வையுங்கள். ஓரம் பிரிந்திருந்தால் அம்மாவைத் தைத்துத் தரச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்