நான்கு விரற்கடை

கோபன்ஹேகன், 1945 ஜூன்

எங்களைக் கரைசேர்த்த அனைவருக்கும்,

இருபது மாதங்களுக்குப் பிறகு, கடந்த வாரம் எங்கள் வீட்டுக் கதவைத் திறந்தோம். நடந்தது என்னவென்று இந்நகரத்தார்க்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1943 செப்டம்பர் 29 அன்று யூதர்களாகிய எங்களைப் பிடிக்க நாஜிகள் வரப்போகிறார்கள் என்று எங்கள் ஜெப ஆலயத்தில் மதகுரு ரபி மெல்கியோர் விடுத்த எச்சரிக்கையை என் வாசல்வரை ஓடிவந்து சொன்னவருக்கும், பிஸ்பெப்யேர் மருத்துவமனையில் பொய்ப்பெயரில் எங்களை நோயாளிகளாகப் படுக்கவைத்த செவிலியருக்கும், படகில் அழுதுவிடாதபடி என் மகளுக்கு உறக்க மருந்து கொடுத்த மருத்துவருக்கும், மீன்வலைகளுக்கடியில் எங்களைக் கிடத்திச் சுவீடன் கரையில் இறக்கிய படகுக்காரருக்கும், எங்கள் மறைநூலான தோராவின் சுருள்களைத் தம் தேவாலயத்தில் ஒளித்துக் காத்தவர்களுக்கும் நன்றி. படகுக்காரர் கூலி வாங்கினார்தான். பிடிபட்டிருந்தால் படகும் பிழைப்பும் போயிருக்கும் என்பதால் அதில் எனக்குக் குறையேதும் இல்லை.

ஆனால் இம்மடலை எழுதத் தூண்டியவர், எங்கள் தெருமுனையில் காலணி தைக்கும் பெரியவர். நாங்கள் தப்பியோடிய வாரத்தில் மகளின் காலணிகள் அடித்தோல் மாற்றுவதற்காக அவரிடம் இருந்தன. அவற்றை நான் மறந்தே போயிருந்தேன். திரும்பிவந்த மறுநாள் அவரே என்னைக் கூப்பிட்டு, அடித்தோல் மாற்றிய அந்தச் சிறு காலணிகளையும், அவற்றுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பெரிய ஜோடியையும் எடுத்துவைத்தார். "வளரும் கால் யாருக்காகவும் காத்திருக்காது" என்றார். எந்த அளவில் தைத்தீர்கள் என்று கேட்டபோது ஒரு தாளைக் காட்டினார். என் மகளின் வயதே உள்ள தம் பேரனின் பாதத்தை ஆறு மாதத்துக்கொருமுறை அதில் வைத்து வரைந்திருந்தார். ஒன்றையொன்று சூழ்ந்தபடி நான்கு கோடுகள் இருந்தன. ஊரே மரக்கட்டை அடிவைத்த காலணியில் நடந்த நாள்களில் தோல் எப்படிக் கிடைத்தது என்பதற்கு அவர் விடை சொல்லவில்லை. எந்நேரமும் அவர் இடுப்பில் கட்டியிருக்கும் தோல் முன்னங்கிக்குப் பதிலாக ஒரு சாக்குத்துணி தொங்கியது. பழைய சீட்டில் எழுதியிருந்த அடித்தோல் கூலியை மட்டும் வாங்கிக்கொண்டார்.

நான் தையற்காரன். குழந்தையின் உடுப்பில் வளர்ச்சிக்கென்று துணி விட்டு உள்ளே மடித்துத் தைப்பது எங்கள் தொழிலில் முதற்பாடம். அதையே சுவீடனில் நான் செய்யவில்லை. நாஜிகள் எங்களைத் தேடி வந்த இரவில் முதியோர் இல்லத்திலிருந்து கொண்டுசெல்லப்பட்ட என் தாயார், தெரேசியன்ஸ்டாட் முகாமிலிருந்து எங்கள் மக்களை மீட்டு ஏற்றிக்கொண்டு ஏப்ரலில் சுவீடனின் மால்மோ வந்துசேர்ந்த வெள்ளைப் பேருந்துகளில் இல்லை. அந்த வசந்தத்திலும் அதற்கு முந்திய ஆண்டிலும் மகளுக்கு நான் தைத்த ஒவ்வொரு சட்டையும் அன்றைய அளவுக்கே இருந்தது. ஒரு விரற்கடைகூடக் கூட்டிவிட எனக்குத் தோன்றவில்லை. கடலுக்கு இக்கரையில், நாங்கள் உயிரோடிருக்கிறோமா என்றுகூட அறியாத ஒருவர் அவளுக்காகத் தாளில் கோடு வரைந்துகொண்டிருந்திருக்கிறார்.

காலணி சற்றுப் பெரிதாகத்தான் இருக்கிறது. முனையில் பஞ்சை அடைத்துக்கொண்டு அவள் நேற்று மாலைவரை தெருவில் நடந்தாள். இன்று காலை அவளுக்கு ஒரு சட்டை வெட்டினேன். ஓரத்தில் நான்கு விரற்கடை மடித்து விட்டிருக்கிறேன். பெரியவருக்கான தோல் முன்னங்கிக்கும் சொல்லிவைத்திருக்கிறேன்; அதற்கு அவர் கூலி பேசக் கூடாது.