வண்டி வாங்கிவிட்டேன் அப்பா

திலக் நகர், டெல்லி
ஜனவரி 11

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. ரெண்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை, போனிலும் "ம், சாப்பிட்டேன்" என்று வைத்துவிடுகிறாய் என்று எழுதியிருக்கிறீர்கள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. போனில் பேசினால் அம்மா அழுவாள், அவள் அழுதால் எனக்குப் பேச வராது, அதனால்தான். வேறு ஒன்றும் இல்லை.

வண்டி விஷயம் என் வாயால் சொல்வதற்குள் செல்வி வீட்டிலிருந்து வந்துவிட்டது. போகட்டும், அவள் வாய் அப்படி. ஆமாம், வாங்கிவிட்டேன். புதுசு இல்லை, 2018 ஜூபிடர் ஸ்கூட்டர். காசு இல்லாமல் பழசு வாங்கவில்லை, முதல் வண்டியை எப்படியும் நாலு இடத்தில் இடிக்கத்தான் போகிறேன், அதைப் புதுசில் போய் இடிப்பானேன் என்றுதான்.

டெல்லியில் பெண்களுக்கு 2019லிருந்தே பஸ் இலவசமாச்சே, அப்புறம் எதற்கு வண்டி என்று கேட்டிருந்தீர்கள். நியாயம்தான். ஆனால் லேபுக்காக ரத்தம் எடுக்க நான் போகும் முதல் வீடு காலை ஆறு மணிக்கு. வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கும் சுகர்காரர்கள், பத்து நிமிஷம் பிந்தினால் கதவைத் திறக்கும்போதே முகம் கடுகடு என்று இருக்கும். சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் ஆனதும் அதே வீட்டுக்கு மறுபடியும் போய் ரத்தம் எடுக்க வேண்டும். கையில் ஐஸ் பெட்டி வேறு. அதைத் தூக்கிக்கொண்டு மூடுபனியில் பஸ்ஸுக்கு நின்றால் நாளைக்கு ஐந்து வீடு தாண்டாது. எங்களுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. இப்போது பத்து, பன்னிரண்டு வீடு போகிறேன், நன்றாகவே வருகிறது.

பெட்டிக்காகத்தான் ஸ்கூட்டர். காலடி தட்டையாக இருந்தால் ரெண்டு முழங்காலுக்கு நடுவில் பெட்டி அசையாமல் உட்காரும். நீங்கள் டிவிஎஸ் 50யில் உரமூட்டையை முன்னால் போட்டுக் காலை அகட்டிக்கொண்டு வருவீர்களே, அதே கோலம்தான். லேபில் எல்லோரும் ஆக்டிவா வாங்கு என்றார்கள். எந்தச் சந்திலும் ஸ்பேர் கிடைக்கும், திரும்ப விற்றாலும் விலை போகும். அதனாலேயே பழைய ஆக்டிவா விலை ஏறிக் கிடக்கிறது. அதற்குப் பின் சக்கரம் 10 இஞ்ச், ஜூபிடருக்கு ரெண்டுமே 12. பள்ளத்தில் இறங்கினால் பெட்டிக்குள் டியூபெல்லாம் சலங்கை கட்டி ஆடும், எனக்குச் சக்கரம் பெரிசாக இருப்பது நல்லது. பெட்ரோல் மூடியும் வெளியிலேயே இருக்கிறது, சீட்டைத் தூக்கும் வேலை இல்லை. ஓசூர்க் கம்பெனி என்று உங்களுக்கும் ஒரு சந்தோஷம் இருக்குமே.

முதலில் கரோல் பாகில்தான் பார்த்தோம், பழைய வண்டிக் கடைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. பார்த்தோம் என்றால் நானும் மேல்வீட்டு சர்தார்ஜியும். ஒரு கடையில் 2012 வண்டி ஒன்றை 14,000 ரூபாய் என்றார்கள், எனக்கு வாயூறியது. சர்தார்ஜி ஆர்.சி.யைக் கையில் வாங்கி வருஷத்தைப் பார்த்துச் சிரித்தார். டெல்லியில் 15 வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டி ஓடக் கூடாது, 2018ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது. நடுவில் ஏதேதோ இழுபறி, ஆனாலும் அந்தத் தலைவலியை யார் விலைக்கு வாங்குவது? இன்னொரு கடையில் அவர் எஞ்சின் பக்கம் புறங்கையை வைத்துப் பார்த்தார், சுட்டது. பேசாமல் என்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். குளிரில் ஸ்டார்ட் ஆகாத வண்டியை நாம் வருமுன்னே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள் பேட்டா என்றார்.

கடைசியில் ஜனக்புரியில் மாற்றலாகிப் போகிற ஒரு பேங்க்காரரிடம் 31,000க்கு முடிந்தது. காலை ஏழு மணிக்கே போய் நின்றோம், எஞ்சின் ஐஸாக இருந்தது. செல்ஃப் இழுக்கவில்லை, கிக்கரில் மூன்றாவது உதைக்குப் பிடித்துக்கொண்டது. சர்தார்ஜி காலடி ரப்பர் விரிப்பைத் தூக்கி ஒரு ரூபாய்க் காசால் சுரண்டித் துரு பார்த்தார், சேஸ் நம்பரை ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டார், அப்புறம்தான் என்னைப் பணத்தை எடுக்கச் சொன்னார். பேர் மாற்றும் 29, 30 ரெண்டு ஃபாரத்திலும் அங்கேயே கையெழுத்து வாங்கிவிட்டேன். பேட்டரி மட்டும் மாற்றினேன். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கிறது.

சர்தார்ஜியிடமும் ஒரு பழைய சேத்தக் ஸ்கூட்டர் இருக்கிறது, 15 வருஷக் கணக்கில் அது எப்போதோ செத்துப்போயாயிற்று. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் போர்வையை எடுத்து, துடைத்து, தன் பக்கமாகச் சாய்த்து, கொஞ்ச நேரம் வைத்திருந்து, நிமிர்த்தி உதைப்பார். ரெண்டு நிமிஷம் ஓடும். தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே நிற்பார், அப்புறம் அணைத்துவிட்டுப் போர்த்திவிடுவார். எங்கேயும் போவதில்லை. நான் ஜன்னலில் நின்று தினமும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்க்கிறேன். எனக்கு அன்றைக்கு வேறு வேலை இல்லை.

குளிர் பரவாயில்லை. விரல்தான் விறைத்துப்போகும், ஊசி பிடிக்குமுன் அந்த வீட்டில் டீ கொடுத்தால் கிளாஸை ரெண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன். போன வாரம் ஒரு தமிழ்க்காரர் வீடு. உங்கள் வயசு இருக்கும். கையை நீட்டிக்கொண்டு "எந்த ஊரும்மா?" என்றார். கயத்தாறு பக்கம் என்றேன். "அங்கே இப்போ மழை உண்டா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். முழங்கை மடிப்புக்குக் கீழே உங்களுக்கு இருக்கிற மாதிரியே புடைத்த நரம்பு, கண்ணை மூடிக்கொண்டு குத்தலாம். ஒரே குத்தில் எடுக்கிறவள் என்று பேர் வாங்கியவள் அன்றைக்கு ரெண்டு தடவை குத்தினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மழை உண்டா அப்பா? நீங்கள் அதை எழுதவே இல்லை.

சரி, அம்மாவிடம் சொல்லுங்கள், வளையல் ரெண்டும் பத்திரமான இடத்தில் இருக்கிறது. வளையல் போட்டுக்கொண்டு ரத்தம் எடுக்க முடியாது, அதனால்தான் கையில் இல்லை. போட்டோ கேட்க வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்த மாதம் பணம் இருபதாம் தேதிக்கு மேல்தான் அனுப்புவேன், லேபில் தேதி மாற்றிவிட்டார்கள். அவளுக்கு மூன்று மாதச் சராசரி சுகர் டெஸ்ட் எடுத்து அனுப்புங்கள், வெறும் வயிறு என்று ஒரு நாள் மட்டும் பட்டினி கிடந்து ஏமாற்றுகிற வேலை அதில் நடக்காது. செல்வி மாமா திருக்குறள் எக்ஸ்பிரஸில் வரும்போது கருப்பட்டியும் இட்லிப் பொடியும் போதும், ஊறுகாய் வேண்டாம், போன தடவை பையெல்லாம் எண்ணெய்.

கிணற்றுப் பங்கு விஷயமாகச் சித்தப்பா எந்தக் காகிதம் கொண்டுவந்தாலும் கையெழுத்துப் போடாதீர்கள், எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். டிவிஎஸ் 50ஐ இரும்புக் கடைக்குப் போடப் போவதாகத் தம்பி சொன்னான். போடாதீர்கள். அவனிடம் சாவியும் கொடுக்காதீர்கள், முதலில் எல்எல்ஆர் எடுக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மகள்
முத்துலட்சுமி