உறையின் மேல் தெரிவது

யாழ்ப்பாணம்.

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். மருமகனும் பேரப்பிள்ளைகளும் நலமென்று நம்புகிறோம். கிணற்றடி மாமரம் இம்முறை காய்க்கவில்லை என்பதைத் தவிர வீட்டில் வேறு புதினம் இல்லை. ஆகவே நீ கேட்ட விடயத்துக்கே வருகிறேன்.

உன் மின்னஞ்சலை இரண்டு தரம் வாசித்தேன். அலுவலகத்திலுள்ள அறுபது பேரும் எந்த இணையத்தளங்களுக்குப் போகிறார்கள், யாருக்கு எப்போது அஞ்சல் அனுப்புகிறார்கள் என்று பதிவு செய்யும் மென்பொருளைப் பொருத்தும் வேலை உன்னிடம் வந்திருக்கிறது; அவர்களுக்கு இப்போதைக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று முகாமையாளர் சொல்லியிருக்கிறார். "அஞ்சலைத் திறந்து படிக்கப் போவதில்லை, உறையின் மேலே இருப்பதை மட்டும்தான் பார்ப்போம், இதில் என்ன பிழை அப்பா?" என்று கேட்டிருந்தாய். அதை உன் அலுவலக முகவரியிலிருந்தே அனுப்பியிருந்தாய் என்பதை நீ கவனிக்கவில்லைப் போலும். மறுமொழியை நான் தாளில் எழுதுவது அதனால்தான்.

கணினியைப் பற்றி உனக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. உறையின் மேற்புறத்தைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. உபதபாலதிபராக இருந்த முப்பத்தொரு வருடத்தில் ஒருவருடைய கடிதத்தையும் நான் திறந்ததில்லை. திறக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. ஜேர்மனியிலிருந்து எங்கள் ஊர்ப் பெண்ணொருத்திக்கு மாதம் இரண்டு வான்கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. அது மாதம் ஒன்றாகி, பிறகு பொங்கலுக்கு ஒரு வாழ்த்தட்டை மட்டும் என்றானபோது, அந்தச் சம்பந்தம் முறிந்ததை அவளுடைய தாய்க்கு முன்னரே நான் அறிந்துவிட்டேன். வங்கியின் நீளமான பழுப்பு உறை பதிவுத் தபாலில் வந்தால், அடைவு வைத்த நகை ஏலத்துக்குப் போகிறது என்று அர்த்தம். மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியின் பெயர் அச்சிட்ட உறை ஒன்று ஒரு வாத்தியாருக்கு வந்தபோது, அதைத் தபாற்காரரின் கடிதக் கட்டுக்குள் முகம் கீழே இருக்கும்படி திருப்பி வைத்தது நினைவிருக்கிறது. அதற்கு மேல் செய்ய என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஒரு விநாடியில் அவருடைய வருத்தத்தை நான் அறிந்துகொண்டாயிற்று, அவரிடம் கேளாமல்.

உன் மென்பொருள் எழுதப்போகும் பதிவேடும் அத்தகையதுதான். போனமுறை இங்கு வந்திருந்தபோது நீயே எனக்கு விளக்கினாய்: பூட்டுக்குறி போட்ட தளங்களில் தளத்தின் பெயர்தான் வெளியே தெரியும், உள்ளே எந்தப் பக்கம் வாசிக்கிறார்கள் என்பது தெரியாது, ஆனால் அலுவலகம் தன் சான்றிதழை ஒவ்வொரு கணினியிலும் நிறுவிவிட்டால், நடுவில் நின்று பூட்டைத் திறந்து பார்த்து மறுபடியும் பூட்டி அனுப்பலாம் என்று. பூட்டைத் திறவாமல் விட்டாலும், காலையில் கருத்தரிப்புச் சிகிச்சை நிலையத்தின் தளம், மத்தியானம் விவாகரத்துச் சட்டத்தரணியின் தளம் என்று ஒரு பெயருக்கு எதிரே விழுந்தால் மிச்சத்தை யாரும் ஊகிக்கலாம். நான் கண்டவை என் தலையோடு போய்விடும். உன் பதிவேடு போகாது. எத்தனை மாதம் இருக்கும், யார் யார் பார்ப்பார்கள் என்று நீ எழுதவில்லை, ஒருவேளை உனக்கும் சொல்லவில்லையோ என்னவோ.

முகாமையாளர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. வாடிக்கையாளரின் கணக்கு வழக்குகளை வைத்திருக்கும் இடத்தில், ஒருவர் தெரியாத்தனமாக ஓர் இணைப்பை அழுத்தியதால் முழுக் கோப்புகளும் பூட்டப்பட்டு, திறக்கப் பணம் கேட்கப்படும் நிலை வரக்கூடும். தீங்கான கோப்புகளை வாசலிலேயே தடுக்கும் வேலையை இயந்திரம் செய்யட்டும். அது யாருடைய அந்தரங்கத்தையும் மனதில் வைத்துக்கொள்வதில்லை. எனக்கு உறுத்துவது, ஆட்களின் பெயரோடு ஒரு பட்டியல் உருவாகி ஒரு மனிதரின் மேசைக்குப் போவதும், அது அவர்களுக்குத் தெரியாமல் போவதும்தான்.

தெரியாமல் செய்வது கனடாவில் உங்கள் மாகாணச் சட்டத்துக்கும் ஒத்துவராது என்று சட்டத்தரணியாக இருக்கும் உன் மச்சான் சொல்கிறார். 25 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களில், மின்னணுக் கண்காணிப்பு உண்டா, உண்டென்றால் எப்படி, எதற்காக என்று எழுத்தில் வைத்து ஊழியருக்குக் கொடுக்க வேண்டுமென்ற விதி 2022 ஒக்டோபரிலிருந்து ஒன்ராறியோவில் இருக்கிறதாம். சொல்லிவிட்டால் போதும், பார்ப்பதற்கு அந்த விதி எல்லை வைக்கவில்லை என்பது அதன் குறை. இங்கும் 2022இல்தான் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தரங்கம் என்ற உரிமை எங்கள் அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளில் வெளிப்படையாக எழுதப்படவேயில்லை. ஆகவே எங்கள் நாட்டைக் காட்டி உனக்குப் புத்தி சொல்ல எனக்கு வாயில்லை.

அவர் சொன்ன ருமேனிய வழக்கு மட்டும் மனதில் நின்றுவிட்டது. பார்புலெஸ்கு என்பவர் நிறுவனம் கேட்டதற்கிணங்க, வாடிக்கையாளருக்குப் பதிலளிக்க யாஹூ மெசஞ்சரில் ஒரு கணக்குத் திறந்தார். 2007இல் அதைக் கண்காணித்த நிறுவனம், அவர் தன் சகோதரனோடும் கலியாணம் பேசியிருந்த பெண்ணோடும் எழுதிக்கொண்டவற்றையும் சேர்த்து 45 பக்கத்துக்கு எழுத்தில் எடுத்து அவர் முன் வைத்து, வேலையால் நிறுத்தியது. சொந்த அலுவலுக்குப் பாவிக்கக் கூடாதென்ற விதி அங்கே இருந்தது உண்மை. 2016இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தின் ஓர் அமர்வு அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. 2017 செப்தெம்பரில் அதே நீதிமன்றத்தின் பேரமர்வு அதை மாற்றி, 11 நீதிபதிகள் ஆதரவு, 6 பேர் எதிர்ப்பு என்ற கணக்கில் அவர் பக்கம் நின்றது. எழுதியதையே எடுத்துப் படிக்கும் அளவுக்குக் கண்காணிப்பு போகும் என்று அவருக்கு முன்கூட்டிச் சொல்லப்பட்டதா, அதற்குத் தக்க காரணம் இருந்ததா, இதைவிடக் குறைவாகத் தலையிடும் வழி இருந்ததா என்பவற்றை அந்நாட்டு நீதிமன்றங்கள் சரியாகப் பார்க்கவில்லை என்பதே காரணம்.

தபாற் பகுதியிலும் கடிதம் திறக்க ஓர் இடம் இருந்தது. விலாசமும் இல்லாமல், அனுப்பியவர் பெயரும் வெளியே இல்லாமல் வந்த கடிதத்தைக் கொழும்பிலிருந்த பிரிவுக்கு அனுப்புவோம். அங்கே அதற்கென்று நியமிக்கப்பட்டவர்கள், அனுப்பியவரின் விலாசத்தைக் கண்டுபிடிப்பதற்காக மட்டும் திறப்பார்கள். ஊரை அறிந்த நான் திறக்கக் கூடாது. அந்த ஏற்பாட்டின் அருமை எனக்கு ஓய்வுபெற்ற பிறகுதான் விளங்கியது.

போர்க்காலக் கடிதங்கள் உனக்கு மங்கலாக நினைவிருக்கும். மாதக்கணக்கில் தாமதித்து வந்த உறைகளில் சிலவற்றின் மூடி சுருங்கி, வேறு பசையால் மறுபடி ஒட்டியிருக்கும். யார் திறந்தார்கள் என்று எங்கும் எழுதியிருக்காது. உன் அம்மா கொழும்பிலிருந்த மாமாவுக்கு நாலு பக்கம் எழுதுகிறவள். அந்த உறைகளைக் கண்ட பிறகு அரைப் பக்கமாயிற்று, பிறகு "எல்லோரும் சுகம், உங்கள் சுகத்தை அறியத் தரவும்" என்ற ஒற்றை வரியாயிற்று. செல்லடி பற்றித்தான் எழுதாமல் விட்டாள் என்று நினைக்காதே. பசு கன்று போட்டதையும் எழுதாமல் விட்டாள். இன்றைக்கும் தொலைபேசியில் அவள் சுருக்கமாகவே பேசுவதை நீ குறைசொல்வாய்.

இனி, இருபது வருடத்துக்கு மேலாகச் சொல்லாத ஒன்று. நீ உயர்தரம் படித்தபோது கொழும்பிலிருந்து உன் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது; ஆண்பிள்ளையின் கையெழுத்துப் போலிருந்தது. நான் திறக்கவில்லை. கந்தோரின் கிழக்கு யன்னலில் வெயில் பட, அதைத் தூக்கிப் பிடித்தேன். மெல்லிய தாள். இரண்டு வரி தெரிந்தது: பௌதிகவியல் வினாத்தாள்கள் கிடைத்தனவா என்று உன் சிநேகிதியின் தமையன் கேட்டிருந்தான். பின்னேரம் உன் கையில் தந்தபோது நீ உறையைப் புரட்டி மூடியைப் பார்த்தாய். அது ஒட்டினபடியே இருந்தது. திறக்கவில்லைத்தானே என்று எனக்கு நானே இவ்வளவு காலமும் சொல்லிவந்தேன். உன் மின்னஞ்சலில் அதே வசனத்தைக் கண்டபோதுதான் அது எவ்வளவு வசதியான வசனம் என்று தெரிந்தது.

வேலையை விடச் சொல்லவில்லை. வீட்டுக் கடனும் பிள்ளைகளும் இருக்கின்றன. ஆனால் பொருத்துவதற்கு முன், எதைப் பதிவு செய்கிறீர்கள், எத்தனை நாள் வைப்பீர்கள், யார் பார்ப்பார்கள் என்று எழுத்தில் கேள். அந்தத் தாள் அறுபது பேரின் கைக்கும் போகட்டும். முகாமையாளரின் பெயரும் உன் பெயரும் அதே பதிவேட்டில் வருமா என்றும் கேட்டுப் பார். பலருக்கு அந்த இடத்தில்தான் விடயம் விளங்கும்.

இந்தக் கடிதத்தை உன் வீட்டு விலாசத்துக்கு அனுப்புகிறேன். இப்போது வரும் உறைகளில் பசை போதாது, ஆகையால் மூடியின் மேல் ஒட்டுநாடா போட்டிருக்கிறேன். அது நான் போட்டதுதான்.

அன்புடன்,
அப்பா