இனி மாதிரியில் உள்ள எண்கள் ஊர்பேரோடு வரும்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் வேலை எப்படி நடக்கும் என்று கணினியில் ஓட்டிப் பார்க்க நாங்கள் தரும் சிமுலேஷன் மாதிரிகளில், இந்த மாதத்திலிருந்து ஒவ்வொரு எண்ணும் எங்கே, எப்போது எடுத்தது என்ற குறிப்பும் கூடுதலாக இருக்கும். திறந்ததும் 'இது என்ன புதிதாக?' என்று குழம்ப வேண்டாம் என்றுதான் இந்த மடல்.

மீன் கம்பெனிக்காரர்களுக்கு விஷயம் உடனே விளங்கும். மாதிரியின் தொடக்கத்தில் 'அரை மணிக்கு ஒரு லோடு' என்று இருக்கிறது. எந்தத் துறைமுகத்து லோடு? குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் என்றால் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை. சின்னமுட்டமோ கிழக்குக் கடற்கரைக் கணக்கு. அங்கே தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஒரே மாவட்டம், இரண்டு காலண்டர். அந்த அரை மணியை மே மாதம் குளச்சலில் எடுத்தார்களா, ஜூலையில் சின்னமுட்டத்தில் எடுத்தார்களா என்று தெரியாமல் மாதிரியை ஓட்டி, ஐஸுக்கும் ஆளுக்கும் கணக்குப் போட்டால் பணம்தான் போகும். அண்டியாபீஸிலும், அதாவது முந்திரி ஆலையிலும், இதே கதைதான். ஏப்ரல் வெயிலில் கொட்டை காய்ந்த நேரத்தை ஜூன் மழைக்கு வைத்துக்கொள்ள முடியாது.

இந்த விவரத்தைத் தனி எக்செல் தாளில் எழுதிவைப்பதுதான் வழக்கம். மாதிரி மெயிலில் போகும், தாள் போகாது. அதனால் இனி மாதிரிக்குள்ளேயே எழுதுகிறோம். வேலைகளின் வரிசையைப் பெட்டியும் அம்புக்குறியுமாக வரைய நாம் பயன்படுத்துவது பிபிஎம்என் 2.0 என்ற பொது முறை. அதில் படம் எக்ஸ்எம்எல் என்ற எழுத்து வடிவக் கோப்பாகச் சேமிக்கப்படும். அதில் ஒவ்வொரு வேலைப் பெட்டிக்குள்ளும், அம்புக்குறிக்குள்ளும் 'எக்ஸ்டென்ஷன் எலிமென்ட்ஸ்' என்ற பகுதியைச் சேர்த்து, அவரவர் சொந்தக் குறிப்பை எழுத இடம் உண்டு. மற்றவர்களுடைய குறிப்போடு கலக்காமலிருக்க எங்களுக்கென்று ஒரு நேம்ஸ்பேஸ், அதாவது தனிப் பெயர் அடையாளம், வைத்திருக்கிறோம்.

நேரம், செலவு, ஆள்பலம் ஆகியவை எப்போதும்போல பிபிசிம் முறையிலேயே இருக்கும். சிமுலேஷனுக்கு வேண்டிய எண்களை மாதிரியில் எழுத 2013இல் வந்த பொது முறை அது. காலத்துக்குக் காலம் மாறும் எண்ணுக்கு அதிலேயே காலண்டர் வசதி இருக்கிறது; அதை விட்டுவிட்டு மழைக்காலம், தடைக்காலம் என்று குறிப்பில் மட்டும் எழுதினால் சிமுலேஷன் அதைக் கண்டுகொள்ளாது. எங்கள் குறிப்பு மனிதர்கள் படிப்பதற்கு. ஓட்டினால் வரும் விடை அதனால் மாறாது.

எழுதப்போவது நான்கே விவரம்: எங்கே அளந்தது, எப்போது அளந்தது, நேரில் அளந்ததா அனுபவத்தில் சொன்னதா, அந்த எண் எந்தத் தேதிவரை செல்லுபடியாகும். இன்னும் பத்துக் கட்டம் சேர்க்கலாமே என்று சிலர் கேட்டார்கள். கட்டம் கூடினால் யாரும் நிரப்ப மாட்டார்கள், அப்புறம் இருக்கிற நான்கும் வெறுமையாகக் கிடக்கும். அளந்தவர் பெயரையும் போட மாட்டோம். மாதிரி பேங்குக்கும் போகிறது, சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரருக்கும் போகிறது. 'ஷிப்ட் சூப்பர்வைசர்' என்றால் போதும்.

ஒரு எச்சரிக்கை. வேறு மென்பொருளில் திறப்பதில் சிக்கல் இருக்காது. ஆனால் சில மென்பொருள்கள் தங்களுக்குத் தெரியாத குறிப்புகளைச் சேமிக்கும்போது சத்தமில்லாமல் அழித்துவிடும். நாங்கள் தந்த கோப்பைத் தனியாக வைத்துக்கொண்டு, நகலில் மட்டும் கை வையுங்கள்.

பழைய மாதிரிகளிலும் இதைச் சேர்க்க வேண்டுமென்றால் கோப்போடு உங்கள் எக்செல் தாளையும் அனுப்புங்கள். தாள் கையில் இல்லையென்றால் போனில் பேசிக்கொள்ளலாம். நினைவில் இருந்து சொல்லும் எண்ணுக்கு 'அனுபவத்தில் சொன்னது' என்றே குறிப்போம்.

நன்றி,
நாகர்கோவில் அலுவலகம்