பாட்டைக் கேட்டுவிட்டு எழுதுங்கள்: தமிழ் இதழ்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் வார இதழ்கள், நாளிதழ் இணைப்புகள், இணைய இதழ்களின் ஆசிரியர்களுக்கும், அவற்றில் பாட்டு விமர்சனம் எழுதுகிறவர்களுக்கும்,

வணக்கம்.

ஒரு புதுப் படத்தின் பாட்டுகள் வெளிவந்த அன்று உங்கள் பக்கத்தில் என்ன வரும் என்பதைப் படிக்காமலே சொல்லிவிடலாம். முதல் பாட்டு துள்ளல் ரகம். இரண்டாவது மெலடி, இரவில் தனியாகக் கேட்கலாம். மூன்றாவதுக்குத் தியேட்டரில் விசில் பறக்கும். நான்காவது படத்தோடு பார்த்தால் பிடிக்கலாம். மொத்தத்தில் ஏமாற்றவில்லை. படத்தின் பெயரையும் இசையமைப்பாளர் பெயரையும் மாற்றிப் போட்டால் அடுத்த மாதமும் இதே பத்தி ஓடும். பாட்டைக் கேட்காதவர்கூட இதை எழுதிவிடலாம் என்பதுதான் என் புகார்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. விமர்சனத்தைப் படித்துவிட்டுப் பாட்டைப் போட்டால், நீங்கள் சொன்னது அங்கே இருக்கிறதா என்று வாசகரால் சரிபார்க்க முடிய வேண்டும். 'இரண்டாவது சரணத்துக்கு முன்னால் தாளம் நின்று புல்லாங்குழல் மட்டும் வருகிற இடம்' என்று எழுதுங்கள், தேடிப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன். பிடிக்காவிட்டால் சண்டைக்கும் வருகிறேன். 'மனதை வருடுகிறது' என்று எழுதினால் நான் எந்த இடத்தைப் போய்த் தேட?

தமிழுக்கு இது வராத வித்தையும் இல்லை. கல்கி 'கர்நாடகம்' என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய 'ஆடல் பாடல்' பகுதியை சபா பக்கமே போகாதவர்களும் படித்தார்கள். அப்புறம் கச்சேரி விமர்சகர் சுப்புடு வந்தார். முன்வரிசையில் அவர் உட்கார்ந்திருந்தால் மேடையில் இருப்பவர்களுக்கு வியர்க்கும் என்று சொல்வதுண்டு. ஆலாபனை எங்கே நீண்டது, மிருதங்கம் எங்கே முந்தியது, யார் எந்தக் கிருதியில் கோட்டை விட்டார் என்று எழுதினால், படித்தவருக்குக் கோபம் வரவும் ஒரு முகாந்திரம் இருந்தது. ஆனால் அந்தக் கூர்மையெல்லாம் கச்சேரிக்குத்தான். டீக்கடையிலும் டவுன் பஸ்ஸிலும் ஊரே கேட்ட பாட்டுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை.

படத்துக்கு மார்க் போடுவது நமக்குக் கைவந்த கலை. '16 வயதினிலே' படத்துக்கு விகடன் கொடுத்த 62.5 மார்க்கை இன்றைக்கும் எடுத்துச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பாட்டுக்கோ அந்த விமர்சனங்களின் வாலில் ஒரு வரி. 1976இல் 'அன்னக்கிளி' வந்ததும் 'மண்வாசனை' என்று ஒரு சொல் இளையராஜாவோடு ஒட்டிக்கொண்டது. தப்பான சொல் இல்லை. ஆனால் அதற்கப்புறம் பல வருடங்களுக்கு அதை வைத்தே ஒப்பேற்றினோம். இளையராஜாவின் பல பாட்டுகளில் சசிதரன் வாசித்த பேஸ் கிட்டார் பல்லவிக்கு அடியில் இன்னொரு பாட்டாகவே ஓடும். இன்று யூடியூபில் இருபது வயதுப் பையன்கள் அந்த பேஸை மட்டும் தனியாக வாசித்துக் காட்டி, எந்த சுரத்தில் ஏன் நிற்கிறது என்று விளக்குகிறார்கள். பத்திரிகை செய்திருக்க வேண்டிய வேலை இது. 1986இல் இளையராஜா சினிமாவுக்கு வெளியே 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்தைச் செய்து, தியாகராஜரையும் ஜெர்மன் இசைமேதை பாஹையும் ஒரே தட்டில் வைத்தபோது வயலின் வாசித்தவர் வி.எஸ். நரசிம்மன். அந்த வயலினைப் பற்றி மட்டுமே நாலு பக்கம் எழுதலாம்.

இது பழைய கதை என்பீர்கள். சரி, 2025 மார்ச் 8க்கு வருவோம். லண்டனில் ராயல் பில்ஹார்மானிக் இசைக்குழு இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனியை வாசித்தது. அவர் விமானம் ஏறியது, இறங்கியது, யார் சால்வை போட்டார்கள் என்பதெல்லாம் பக்கம் பக்கமாக வந்தது. பெருமைதான், எனக்கும் பெருமைதான். ஆனால் நான் படித்தவற்றில் பெரும்பாலானவை அந்த நான்கு பகுதிகளில் முதல் பகுதி எப்படித் தொடங்கியது என்பதைக்கூடச் சொல்லவில்லை. ரஹ்மானின் 'ரோஜா'வை 2005இல் டைம் பத்திரிகை உலகின் சிறந்த பத்துத் திரையிசைகளில் ஒன்றாகச் சொன்னதும் இதே கதை. டைம் சொன்னதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னோம்.

இனி மார்க் விஷயம். பாட்டுக்கும் நட்சத்திரம் கொடுத்தால் சரியாகிவிடும் என்று யாராவது யோசித்தால், தயவுசெய்து வேண்டாம். அமெரிக்காவில் பிட்ச்ஃபோர்க் என்ற இதழ் ஆல்பங்களுக்குப் பத்துக்கு இத்தனை என்று தசமப் புள்ளி வைத்து மார்க் போடும். லிஸ் ஃபேர் என்ற பாடகியின் 2003 ஆல்பத்துக்கு 0.0 போட்டார்கள். முட்டைகூட இல்லை, இரண்டு முட்டை. 2021இல் பழைய ஆல்பங்கள் 19க்கு மார்க்கைத் திருத்தியபோது அதே ஆல்பத்துக்கு 6.0 கிடைத்தது. டாஃப்ட் பங்க் குழுவின் 'டிஸ்கவரி' 6.4இலிருந்து நேரே 10க்குப் போனது. பாட்டில் ஒரு சுரம்கூட மாறவில்லை. எண் எவ்வளவு நம்பத்தக்கது என்பதற்கு இது போதும்.

ஆனால் இதில் எனக்குப் பிடித்த ஒன்றும் இருக்கிறது. அந்த இதழ் காரணங்களோடு எழுதி வைத்திருந்ததால்தான் பிறகு உட்கார்ந்து திருத்த முடிந்தது. நம் பழைய விமர்சனங்களை எடுத்துத் திருத்தலாம் என்றால் எதைத் திருத்துவது? 'கேட்கலாம் ரகம்' என்பதை 'கேட்டே ஆக வேண்டிய ரகம்' என்று மாற்றுவதா? (அந்த பிட்ச்ஃபோர்க்கையும் 2024 ஜனவரியில் ஜிக்யூ என்ற ஆண்கள் பத்திரிகையோடு சேர்த்துவிடப் போவதாக அறிவித்து, பலரை வேலையை விட்டு அனுப்பினார்கள். அங்கேயும் நிலைமை ஒன்றும் வாழவில்லை.)

இடம் போதவில்லை என்ற சாக்கும் செல்லாது. ராபர்ட் கிறிஸ்ட்காவ் 1969 முதல் நியூயார்க்கின் வில்லேஜ் வாய்ஸில் ஓர் ஆல்பத்துக்கு ஒரு பத்திதான் எழுதினார். அந்தப் பத்திக்குள் கடித்துப் பார்க்க ஏதாவது இருக்கும். அவ்வளவு தூரம் போவானேன்? மில்லிபிளாக் என்ற தளத்தில் நம் தமிழ்ப் படப் பாட்டுகளையே பல வருடங்களாக ஆங்கிலத்தில் நாலைந்து வரிகளில் விமர்சிக்கிறார்கள். இன்ன ராகத்தின் சாயல், இன்ன பாட்டின் நினைவு, இன்ன குரல் பொருந்தவில்லை என்று அந்தச் சின்ன இடத்துக்குள்ளேயே சொல்லிவிட முடிகிறது. தமிழ்ப் பாட்டைப் பற்றித் தெரிந்துகொள்ளத் தமிழர் ஆங்கிலத்தில் படிக்க வேண்டியிருக்கிறது.

நாம் கேட்காமல் எழுதியதால் அதிகம் இழந்தவர் என்று எனக்குத் தோன்றுவது தேவா. தொண்ணூறுகளில் தேவா பெயரைச் சொன்னால் 'காப்பி' என்ற கேலி உடனே வரும். எந்த மெட்டு எதிலிருந்து வந்தது, அதில் எவ்வளவு மெட்டு, எவ்வளவு தாளக்கட்டு, எவ்வளவு வெறும் சாயல் என்று யாரும் பொறுமையாகப் பிரித்துச் சொல்லவில்லை. மெட்டை எடுப்பது வேறு, ஒரு பாணியில் பாட்டுப் போடுவது வேறு, உலகத்தில் பாதிப் பாட்டுகளில் வருகிற அதே நாலு கார்டுகளை (சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டுகளை) வைத்துக்கொள்வது முற்றிலும் வேறு. மூன்றையும் ஒரே சொல்லில் அடித்தோம். இன்றைக்கும் யூடியூபில் இரண்டு பாட்டின் முதல் ஐந்து விநாடிகளை ஒட்டிப்போட்டுத் தீர்ப்புச் சொல்கிறவர்கள் அதைத்தான் செய்கிறார்கள்.

அந்தக் கேலிக்கு நடுவில் என்னவெல்லாம் நடந்தது என்று பாருங்கள். 1992இல் 'அண்ணாமலை'யில் சூப்பர் ஸ்டார் என்ற எழுத்துகள் ஒவ்வொன்றாகத் திரையில் வருவதற்கு அவர் போட்ட இசை, நடிகரின் முத்திரையாகவே ஆகிவிட்டது. 1995இல் 'பாட்ஷா', அதே வருடம் 'ஆசை', அடுத்த வருடம் 'காதல் கோட்டை'. வடசென்னையின் கானாவைப் படத்துக்குப் படம் கொண்டுவந்து, 'கவலைப்படாதே சகோதரா'வைத் தானே பாடினார். கானாவில் குரல் எப்படிப் பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவில் நிற்கிறது, தாளத்துக்குக் கொஞ்சம் பின்னால் தங்கி வருவதில் என்ன அழகு என்பதெல்லாம் அன்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். இப்போது அவர் கச்சேரிகளுக்குக் கூட்டம் அள்ளுகிறது. விமர்சகர்கள் சொல்லி அந்தக் கூட்டம் வரவில்லை.

கானா என்றதும் சினிமாவுக்கு வெளியே நடப்பதும் நினைவுக்கு வருகிறது. ராப் பாடகர் அறிவு 2019இல் இசையமைப்பாளர் ஆஃப்ரோவுடன் 'தெருக்குரல்' ஆல்பத்தை வெளியிட்டார். படம் இல்லை, கதாநாயகன் இல்லை, ஆடியோ விழா இல்லை. ஆகவே பெரும்பாலான பக்கங்களில் இடமும் இல்லை. 2021இல் அறிவும் தீ என்ற பாடகியும் பாடிய 'எஞ்ஜாய் எஞ்ஜாமி' வந்தபோது எத்தனை கோடிப் பார்வை என்று தினமும் எண்ணினோம். அந்த ஆகஸ்டில் ஓர் ஆங்கில இசை இதழின் அட்டையில் அறிவு இல்லை என்று சர்ச்சை வந்தது. நியாயமான சர்ச்சைதான், அதற்கும் பக்கம் கிடைத்தது. ஆனால் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் கதை எப்படி ஆட்டம் போட வைக்கிற ஒரு பாட்டுக்குள் போய் உட்கார்ந்தது? ஒப்பாரியின் இழுப்பு எந்த இடத்தில் வருகிறது? தீயின் குரலுக்கும் அறிவின் குரலுக்கும் நடுவே பாட்டு எப்படிக் கைமாறுகிறது? இதையெல்லாம் எழுத அந்தப் பாட்டை நாலு தடவை கேட்டாலே போதும்.

வேகம் இன்னொரு தொல்லை. பாட்டு ஆறு மணிக்கு வருகிறது, ஆறரைக்கு விமர்சனம். ரஹ்மான் பாட்டு என்றால் 'ஸ்லோ பாய்சன், கேட்கக் கேட்கத்தான் பிடிக்கும்' என்று ஒரு முன்ஜாமீன் வேறு. கேட்கக் கேட்கப் பிடிக்கும் என்று நீங்களே சொல்லும்போது, கேட்டுவிட்டே எழுதலாமே! இப்போது ஃபர்ஸ்ட் சிங்கிள், செகண்ட் சிங்கிள் என்று மாதக்கணக்கில் பிரித்து விடுகிறார்கள். முழு ஆல்பமாகப் பாட்டுகள் ஒன்றுக்கொன்று எப்படி நிற்கின்றன என்று பார்க்க, படம் வந்து ஓய்ந்த பிறகுதான் நேரமே அமைகிறது. அன்றைய பரபரப்புக்குச் செய்தி போடுங்கள், யார் வேண்டாம் என்றார்கள்? விமர்சனத்தை ஒரு மாதம் கழித்துப் போடுங்கள்.

வாசித்தவர்களின் பெயரையும் கொஞ்சம் பாருங்கள். கேசட் காலத்தில் பெரும்பாலும் அந்தப் பெயர்களே தெரியாது. ரஹ்மான் ஆல்பங்கள்தான் புல்லாங்குழல் நவீன், பேஸ் கீத் பீட்டர்ஸ் போன்ற பெயர்களை உறையிலேயே நமக்குப் பழக்கப்படுத்தின. இன்று யூடியூபில் பாட்டுக்குக் கீழே இருக்கும் விவரத்தை விரித்தால் கிட்டார் யார், நாதஸ்வரம் யார், மிக்ஸிங் யார் என்று பெரும்பாலும் நீளமான பட்டியலே இருக்கிறது. அதை விரித்துப் பார்த்தாலே விமர்சனத்தில் பாதி மாறிவிடும்.

பாடல் வரிகளுக்கும் இதே கதிதான். இரண்டு வரியை எடுத்துப் போட்டு 'அருமை' என்று எழுதுகிறோம். மெட்டுக்கு எழுதிய பாட்டில் பார்க்க வேண்டியது வேறு. எங்கே குறில் நெடிலாக இழுபடுகிறது, எங்கே சொல் நடுவில் உடைகிறது, எங்கே மெட்டின் ஏற்றமும் சொல்லின் அழுத்தமும் ஒன்றாக வந்து விழுகின்றன என்பதைப் பார்க்க வேண்டும். பாடகரின் ழகரத்தைப் பற்றி மட்டும் நாம் சளைக்காமல் எழுதுகிறோம், அதையும் சொல்லிவிட வேண்டும்.

ரசிகர்கள் திட்டுவார்கள் என்ற பயம் உங்களுக்கு இருப்பது தெரியும். பெரிய பெயர்மீது ஒரு குறை எழுதினால் இரண்டு நாளைக்குக் கமென்ட் பக்கத்தைத் திறக்க முடியாது. 'பாட்டு மொக்கை' என்று எழுதினால் திட்டத்தான் செய்வார்கள், அதில் பதில் சொல்ல ஒன்றும் இல்லை. 'பல்லவி முடிந்ததும் வருகிற கோரஸ், போன படத்தில் வந்ததைப் போலவே அடுக்கப்பட்டிருக்கிறது' என்று எழுதினால் திட்ட வருகிறவரும் ஒரு தடவை பாட்டைப் போட்டுக் கேட்டுத்தான் ஆக வேண்டும். அவர்களில் நிறையப் பேர் உங்களைவிட நன்றாகக் கேட்கிறவர்கள். அவர்களுடைய மறுப்பில் நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து அடுத்த இதழில் போட்டால் இன்னும் நல்லது.

ஆடியோ விழாவுக்கு நாலு பக்கம் கலர் படம் போடுகிறீர்கள். அதில் அரைப் பக்கத்தை இதற்குக் கொடுங்கள். எழுதியவர் பெயரைப் பெரிதாகப் போடுங்கள், 'நமது நிருபர்' வேண்டாம். சண்டை போட எங்களுக்கு ஓர் ஆள் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாசகன்