என்னிடம் கேளுங்கள்: மனநலப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மருத்துவர்களுக்கும் மருத்துவமனை நிர்வாகத்தினருக்கும் வணக்கம்.

நிஜம் எது, மனம் உண்டாக்குவது எது என்று பிரித்தறிய முடியாமல் போகும் சைக்கோசிஸ் முதல் முறை வந்து உங்கள் வார்டில் 26 நாள் இருந்தவள் நான். என் ஃபைல் உங்களிடம் இருப்பதால் சுவருக்குள்ளிருந்து கேட்ட குரல்களைப் பற்றி மறுபடி சொல்லப்போவதில்லை. அவை அடங்கியது உங்கள் சிகிச்சையால். அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு.

போன வாரம் மறுபரிசோதனைக்கு வந்தேன். மருத்துவர் அம்மாவைப் பார்த்து, "எப்படி இருக்கா? மாத்திரை ஒழுங்கா போடறாளா? தூங்கறாளா?" என்று கேட்டார். அம்மா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். "சரி, அடுத்த மாசம் வாங்க." கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்த என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு 24 வயது. ஒரு பக்கம் படிப்பதற்குள் முதல் வரி மறந்துபோகிறதே, சரியாகுமா? மாத்திரை எத்தனை காலம்? வேலைக்கு எப்போது திரும்பலாம்? இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்து வந்திருந்தேன். மடித்தது மடித்தபடியே வீட்டுக்குத் திரும்பியது. அங்கேயே கோபப்பட்டிருப்பேன். அதுவும் நோயின் அறிகுறியாக ஃபைலில் ஏறிவிடுமோ என்று பயந்து பேசாமல் எழுந்து வந்தேன்.

என்னிடம் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்று எனக்கு அனுபவத்திலேயே தெரியும். டிஸ்சார்ஜ் ஆன மூன்றாவது வாரம் கால்கள் என் சொல்பேச்சு கேட்கவில்லை. உட்கார்ந்தால் எழச் சொல்லும், படுத்தால் நடக்கச் சொல்லும். முழங்காலுக்குக் கீழே ஏதோ முறுக்கிக்கொண்டே இருக்கும். தட்டைக் கையில் ஏந்தி நடந்தபடியே சாப்பிட்டேன். "ராத்திரி முழுக்க நடந்துக்கிட்டே இருக்கா" என்று அம்மா உங்களிடம் சொன்னார். அவர் பார்த்தது அதைத்தான். "பதற்றம் குறையவில்லை" என்று எழுதி மாத்திரையின் அளவைக் கூட்டினீர்கள். நோய் திரும்புகிறது என்று வீட்டில் எல்லாரும் நினைத்தார்கள், நானும்தான். நடை இன்னும் அதிகமானது. இப்படி இருப்பதற்கு இல்லாமலே போகலாம் என்றுகூட ஓர் இரவு தோன்றியது.

11 நாள் கழித்து, ரத்தம் எடுக்க வந்த செவிலியர்தான் கேட்டார்: "ஏம்மா, உன்னால உட்கார முடியலையா, இல்ல உட்காரப் பயமா இருக்கா?" முடியவில்லை என்றேன். உடனே போய் மருத்துவரை அழைத்து வந்தார். அது அகதீசியா. சைக்கோசிஸ் மாத்திரைகள் மூளையில் டோபமின் என்ற ரசாயனத்தின் வேலையைத் தடுப்பதோடு சேர்ந்து வருகிற, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பக்கவிளைவு. அளவைக் குறைத்து, கூடவே அந்தத் தவிப்பைத் தணிக்க புரோப்ரனலால் என்ற மாத்திரையும் கொடுத்தீர்கள். நான்காவது நாள் உட்கார்ந்து சாப்பிட்டேன். அந்த ஒரு கேள்வியை முன்பே கேட்டிருக்கலாமே? இப்படி வரலாம் என்று டிஸ்சார்ஜ் அன்று ஒரு வரி சொல்லியிருக்கலாமே?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதல் முறை சைக்கோசிஸ் வரும் இளைஞர்களுக்கென்றே மெல்பர்னில் 1992-இல் தனி மையம் தொடங்கினார்கள். இன்று பல நாடுகளில் இத்தகைய குழுக்கள் ஒருவரை இரண்டு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பார்க்கின்றன. மாத்திரையோடு பேச்சு சிகிச்சையும், படிப்புக்கும் வேலைக்கும் திரும்ப உதவியும் உண்டு. நான் ஐந்து முறை வந்ததில் என்னைப் பார்த்தவர்கள் நான்கு பேர். ஒவ்வொருவரிடமும் அம்மா முதலிலிருந்து ஆரம்பிப்பார். என் வாழ்க்கையின் மிக மோசமான இரவைப் பக்கத்தில் உட்கார்ந்து மறுபடி மறுபடி கேட்டிருக்கிறேன். முடிந்தவரை ஒரே மருத்துவர் பார்க்க ஏற்பாடு செய்ய முடியாதா?

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வெளியே வரிசை எவ்வளவு நீளம் என்று நானும் பார்க்கிறேன். எனக்காக ஒரு மணி நேரம் ஒதுக்கச் சொல்லவில்லை. என்னைப் பார்த்து, என்னிடம் கேளுங்கள்.

அடுத்த மாதமும் அம்மாவோடுதான் வருவேன். எனக்குத் தெரியாமல் போகிற சில மாற்றங்கள் அவர் கண்ணில் படும், அதனால் அவரிடமும் கேளுங்கள். முதலில் என்னிடம் கேளுங்கள். அந்தத் தாளையும் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வெளிநோயாளி ஒருத்தி