கம்பெனியையும் எதிரியாகச் சேர்க்கச் சொல்லித் தாருங்கள்: பாலக்காடு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையத்தாருக்கு வணக்கம்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் ஏற்றி அனுப்பும் சிறு வியாபாரி நான். எல்லைக்கு அப்பாலுள்ள ஒரு கம்பெனி கொடுத்த காசோலை, கணக்கில் பணமில்லை என்று திரும்பி வந்தது. விலை பேசியவரும் கையெழுத்திட்டவரும் அதன் இயக்குநரே என்பதால், அவர் பெயருக்கு மட்டும் பணம் கேட்டு நோட்டீஸ் அனுப்பி, அவர் ஒருவர் மீதே சித்தூரில் வழக்குத் தொடுத்தேன். கையெழுத்துக்கு மேலிருந்த கம்பெனி முத்திரையை நானும் கவனிக்கவில்லை, மனு எழுதிக் கொடுத்தவரும் கேட்கவில்லை. கம்பெனியை எதிரியாக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவராக, சேர்க்காததாலேயே வழக்கு தோற்றது.

1881ஆம் ஆண்டின் மாற்று முறை ஆவணச் சட்டத்தில் 138ஆம் பிரிவு, காசோலை யாருடைய கணக்கின் மீது கொடுக்கப்பட்டதோ அவரையே குற்றவாளியாகக் கொள்கிறது. கம்பெனிக் கணக்கு என்றால் அது கம்பெனிதான். கையெழுத்திட்ட இயக்குநர் 141ஆம் பிரிவின் வழியே, கம்பெனி செய்த குற்றத்துக்குப் பொறுப்பாளியாக மட்டுமே உள்ளே வருகிறார். ஆகவே கம்பெனியைச் சேர்க்காமல் இயக்குநரை மட்டும் கூண்டில் நிறுத்த இயலாது என்று உச்ச நீதிமன்றம் 2012இல் அனிதா ஹாடா வழக்கில் முடிவாகச் சொல்லிவிட்டது.

விட்டுப்போனதைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்றுதான் நானும் நம்பினேன். 2017இல் ஹரிஹர கிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு அந்தக் கதவையும் சாத்தியிருக்கிறது. காசோலை திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் கம்பெனிக்கும் நோட்டீஸ் போக வேண்டும். அது கைக்குக் கிடைத்தபின் 15 நாள் பொறுத்து, அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். புகார் தாமதமானால் தக்க காரணம் காட்டிப் பொறுத்தருளக் கேட்கலாம். நோட்டீஸ் தாமதத்துக்கு அந்தச் சலுகை இல்லை.

2015இல் வந்த திருத்தத்தால் நம் வங்கிக் கிளை இருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பது வேலந்தாவளம், கோவிந்தாபுரம் வியாபாரிகளுக்கெல்லாம் தெரியும். கம்பெனியைச் சேர்க்க வேண்டும் என்பது தெரிந்தவர்கள் குறைவு. மொழியும் ஒரு தடை. நீதிமன்றத்தில் எதிரியை மலையாளத்தில் ‘பிரதி’ என்பார்கள். கம்பெனி பிரதியாக இருக்கிறதா என்று ஒருவர் கேட்டபோது, ஏதோ நகல் கேட்கிறார் என்று நினைத்துத் தலையாட்டியவன் நான்.

சட்ட விழிப்புணர்வு முகாம்களில் வழங்க, இதைத் தமிழில் ஒரு பக்கத் துண்டறிக்கையாக ஆணையம் அச்சிட வேண்டுகிறேன். காசோலையில் அச்சாகியிருக்கும் கணக்குப் பெயரே நோட்டீஸிலும் முதல் எதிரியாகப் புகாரிலும் வர வேண்டும் என்ற வரி அதில் பெரிய எழுத்தில் இருக்கட்டும். எங்கள் பகுதிச் சந்தைகளில் அதைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை நானே ஏற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறைத் தேங்காய் வியாபாரி ஒருவர்